குதிரை நகர்ந்தது எட்டு மில்லிமீற்றர்

மாமாவின் பேஸ் கிற்றார் மல்லாவிக்கு வந்து நாலு மாதமாகிறது. வயலின் வடிவம், உள்ளே கூடான உடம்பு. ஜேர்மனியின் ஹோஃப்னர் நிறுவனத்தின் 500/1 என்ற பேஸைப் பார்த்து ஜப்பானில் செய்தது. 1961 இல் பீற்றில்ஸ் குழுவின் பால் மக்கார்ட்னி ஹம்பேர்க்கில் வாங்கினாரே, அந்த ஹோஃப்னர்தான். மாமா எழுபதுகளில் யாழ்ப்பாணத்தில் ஓர் இசைக்குழுவில் இதை வாசித்தவர். இதன் குரல் எனக்கு அவ்வளவு பிடிக்கும். ஆனால் சுருதி நிற்கவில்லை.

வெறும் தந்தியை மீட்டினால் சுத்தம். கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிகளான மெட்டுகளில் மேலே போகப் போகச் சுரம் இருக்கவேண்டியதைவிடக் கூடிக்கொண்டே போகும். வீணை படித்த அக்கா அடுப்படியில் நின்றபடியே பிடித்துவிட்டார். "தம்பி, கீழ் சா சரி. மேல் சா கூடிப்போய் நிக்குது."

வீணையில் 24 மெட்டும் மெழுகில்தான் பதிந்திருக்கும். விலகினால் மெழுகை இளக்கி மெட்டையே நகர்த்தலாம். கிற்றாரில் மெட்டு அசையாது. அசையக்கூடியது, உடம்பின்மேல் தந்திகளைத் தாங்கி நிற்கும் குதிரை மட்டும். இந்த வகைப் பேஸில் குதிரையை ஆணி எதுவும் பிடித்திருப்பதில்லை. தந்திகளின் அழுத்தத்தில்தான் நிற்கும். என்னுடையதோ அசைய மறுத்தது. கிட்டப் பார்த்தால், யாரோ வெள்ளைப் பசை வைத்து ஒட்டியிருக்கிறார்கள், அதுவும் பிழையான இடத்தில்! சுடுநீரில் நனைத்த துணியை ஓரத்தில் வைத்து வைத்து இளக்கினேன். மேற்பலகையின் வார்னிஷ் போய்விடும் என்ற பயத்தில் இரண்டு பின்னேரங்கள் எடுத்தன. கழற்றிய பிறகு மேற்பலகையின் வளைவில் அரத்தாளை ஒட்டி, குதிரையின் அடியை அதன்மேல் மெல்லத் தேய்த்துப் பொருத்தினேன்.

அளக்க முதல் தந்திகளை மாற்றவேண்டும். பழைய தந்தியில் அழுக்கும் துருவும் ஏறி, பாரம் ஒருசீராக இருக்காது. அதை வைத்து அளந்தால் எல்லாம் பிழைக்கும். கிடந்தவையோ 34 அங்குலப் பேஸுக்கான தந்திகள்; தடித்த பகுதியே பிரடையில், அதாவது தந்தியை முறுக்கும் திருகில், சுற்றியிருந்தது. இதில் தந்தி அதிரும் நீளம் 30 அங்குலம். அதற்கேற்ற தட்டைச் சுற்றுத் தந்திகளைக் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வரவழைத்து, மாங்குளம் சந்தியில் போய் எடுத்துவந்தேன்.

சோதனை இதுதான். 12 ஆம் மெட்டுக்கு நேர்மேலே தந்தியை அழுத்தாமல் தொட்டு மீட்டினால் மணிபோல ஒரு சுரம் வரும். பிறகு அதே மெட்டில் அழுத்தி மீட்டவேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் சரி. அழுத்தியது கூடினால் தந்தி நீளவேண்டும், குதிரை பின்னே போகவேண்டும். குறைந்தால் முன்னே. நாலு தந்திகளில் ஆகத் தடித்த, தாழ்ந்த ஈ தந்தியின் 41 ஹேர்ட்ஸைப் போன் பிடிக்கவில்லை. கிற்றாரின் தலையில் கவ்விக்கொண்டு சுருதி காட்டும் ரியூனர் ஒன்றை இரவல் வாங்கினேன்.

ஈ தந்தி 18 சென்ற் கூட, ஆக மெல்லிய ஜீ தந்தி 9 கூட. அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ற். இந்த நீளத்தில் குதிரை ஒரு மில்லிமீற்றர் நகர்ந்தால் 12 ஆம் மெட்டில் ஏறக்குறைய இரண்டேகால் சென்ற் மாறும். அப்படியென்றால் ஈ பக்கம் எட்டு மில்லிமீற்றர், ஜீ பக்கம் நாலு. தடித்த தந்தியை அழுத்தும்போது சுரம் அதிகம் கூடுவதால் குதிரை சரிந்து நிற்பதுதான் முறை. தந்திகளைத் தளர்த்தி, பென்சிலால் குறித்து, நகர்த்தி, திரும்ப ஏற்றி, திரும்ப அளந்து... ஐந்து தரம். நடுவிலுள்ள இரண்டு தந்திகளுக்கும், அவை ஏறி நிற்கும் சின்ன உலோகத் துண்டுகளைக் குதிரையின் தலையிலேயே அடுத்த பள்ளத்துக்கு மாற்றினேன். இப்போது நாலும் இரண்டு சென்றுக்குள்.

அப்பாடா என்றிருந்தேன். ஆனால் முதல் இரண்டு மெட்டுகளில் சுரம் இன்னும் கூடியே நின்றது. அதைக் குதிரையால் திருத்த முடியாது. தலைப்பக்கத்தில் தந்திகள் உட்காரும் கட்டையின் பள்ளங்கள் ஆழம் போதாமல், முதல் மெட்டை அழுத்தவே தந்தி இழுபட்டது. பழைய தந்தியில் மெல்லிய அரத்தாளைச் சுற்றி அராவினேன். ஒவ்வொரு தரமும் நாலு இழுப்பு, பிறகு சோதனை. இங்கே அவசரப்பட்டுக் கூட வெட்டினால் தந்தி மெட்டில் உரசி இரையும், கட்டையையே மாற்றவேண்டி வரும்.

இதெல்லாம் சோளகக் காற்று வீசிய வறண்ட நாட்களில் செய்த வேலை. ஐப்பசி மழை பிடித்ததும் மேற்பலகை கொஞ்சம் பொங்கித் தந்திகள் உயர்ந்தன, ஈ தந்தி மறுபடி மூன்று சென்ற் கூடியது. குதிரையின் இரண்டு திருகுகளையும் அரைச் சுற்று இறக்கினேன், சரியாயிற்று. மழை விட்டால் திரும்ப ஏற்றவேண்டி வரும். அதனால் பென்சில் குறியை அழிக்கவில்லை.

நேற்றிரவு அக்கா வீணையை எடுத்து மோகனம் வாசிக்க, நான் கீழே சா, பா பிடித்தேன். அரை மணித்தியாலம் எங்கும் இடறவில்லை. பதினைந்தாம் மெட்டுக்கு மேலே மட்டும் இன்னும் சுத்தமில்லை. அங்கே மெட்டுக் கம்பிகள் தேய்ந்து தட்டையாகிவிட்டன. தை பிறக்க அதைத் தொடுவேன்.