அசிட்டோனில் ஊறிய சுண்டைக்காய் விதை

ஒட்டுக் கத்தரிக்கு வேர் கொடுக்கும் அடிச்செடியாகச் சுண்டைக்காய் போடுபவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். வாடல் நோயையும் வேரைத் தாக்கும் நூற்புழுவையும் நன்றாகத் தாங்கும் வேர்தான், ஆனால் விதை முளைப்பதில் ஒழுங்கே கிடையாது. ஒரே குழித்தட்டில் ஒரு நாற்று நாலு இலை விட்டு நிற்கும். பக்கத்துக் குழியில் இன்னும் ஒன்றுமே தெரியாது. தண்டுகள் ஒரே பருமனில் இல்லாவிட்டால் ஒட்டுக்கட்டும்போது கிளிப் உட்காராது.

இதற்கு ஜிப்ரலிக் அமிலம் (சுருக்கமாக ஜிஏ) என்ற பயிர் ஹார்மோன் கரைசலில் விதையை ஊறவைப்பது நாற்றுப் பண்ணைகளில் வழக்கம். திராட்சைக்கு அடிக்கிற அதே ஜிஏதான். அவர்களுக்கு அது போதும், தட்டுத் தட்டாக ஒரே நாளில் விதைக்கிறார்கள். அன்னூர்ப் பக்கம் எங்கள் சாளையில் நான் செய்வது ஞாயிற்றுக்கிழமை வேலை. தண்ணீரில் ஊறிய விதையைக் கையோடு போட்டாக வேண்டும். எனக்கோ மருந்து ஏறிய விதை காய்ந்தபடியே பாட்டிலில் இருக்க வேண்டும், வேண்டும்போது ஒரு சிட்டிகை எடுத்துப் போட வேண்டும்.

அதற்கு வழி 1970களின் தொடக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. லெட்யூஸ் என்ற சாலட் கீரையின் விதைகளை, சட்டென்று ஆவியாகும் கரைப்பான்களான அசிட்டோனிலும் டைகுளோரோமீத்தேனிலும் கரைத்த ஹார்மோனில் போட்டு, பிறகு கரைப்பானை ஆவியாக விட்டிருக்கிறார்கள். கரைப்பான் விதையுறையின் இடுக்குகள் வழியே உள்ளே போகிறது, மருந்தை விட்டுவிட்டு வெளியேறுகிறது. தண்ணீர் படாததால் விதை உப்பவில்லை, முளைக்கவும் தொடங்கவில்லை. பிறகு நிலத்தில் ஈரம் பட்டதும் உள்ளே இருக்கும் மருந்து கரைந்து வேலையை ஆரம்பிக்கிறது.

டைகுளோரோமீத்தேன் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்தேன். உடம்புக்கு ஆகாத பொருள் என்பது ஒரு பக்கம். அது கொதிப்பதே 40 டிகிரியில். ஈரோட்டுச் சித்திரை வெயிலில் பாட்டிலைத் திறந்தால் தானே கொதிக்கும். அசிட்டோன் 56 டிகிரி. ஆனால் சட்டென்று தீப்பிடிக்கும், அதனால் வேலையெல்லாம் களத்து மேட்டில், அடுப்பும் மோட்டார் சுவிட்சும் இல்லாத பக்கம்.

“ஏங் கண்ணு, நகப்பாலிஷ் அழிக்கறதுல வெதையப் போட்டா மொளைக்குமா?” என்று அம்மாயி கேட்டார். நியாயமான கேள்வி. அதற்காகத்தான் வெறும் அசிட்டோனில் மட்டும் போட்ட விதையையும் தனியாக வைத்தேன். அந்தப் பங்கு இல்லாமல் இந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை.

நகப்பாலிஷ் நீக்கி உதவாது. அதில் தண்ணீரும் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். லேப் தரத்து அசிட்டோன் வேண்டும். ஜிஏவும் 90 சதவீதத் தூள்தான் வேண்டும்; கடையில் கிடைக்கும் 0.001 சதவீதத் திரவம் இதற்குச் சரிப்படாது. 100 மில்லி அசிட்டோனில் 100 மில்லிகிராம் தூள், அதாவது ஏறக்குறைய ஆயிரம் பிபிஎம் (பத்து லட்சம் பங்குக்கு ஆயிரம் பங்கு). தண்ணீரில் முரண்டு பிடிக்கும் தூள் இதில் குலுக்கியதுமே கரைந்துவிடுகிறது.

விதையை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு மூடி நன்றாகக் காயவைத்த பிறகே கரைசலில் போட வேண்டும். ஈர விதைக்குள் அசிட்டோன் போனால் செல்லின் கொழுப்புச் சவ்வையே கெடுத்துவிடும். இதையும் பார்த்துவிடலாமே என்று பழத்திலிருந்து கழுவி அரைகுறையாகக் காய்ந்த விதை கொஞ்சம் போட்டேன். அதில் ஒன்றுகூட முளைக்கவில்லை.

கண்ணாடிப் பாட்டில் மட்டுமே. தெர்மாகோல் கப் பக்கத்தில் வைத்தாலே ஆபத்து, துளி பட்ட இடம் குழைந்து போகும். பாட்டிலில் மார்க்கர் பேனாவால் பெயர் எழுதினால் ஒரே வழிசலில் அழியும். பென்சிலால் எழுதிய காகிதத் துண்டுதான் தாங்கியது. இரண்டு மணி நேரம் ஊறியதும் வடிகட்டிக் காகிதத்தில் பரப்பினேன். சுண்டைக்காய் விதை எள்ளைவிடச் சிறியது, ஆடி மாதமோ பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. சாளைச் சுவரோரம் மறைவாக வைத்து, மேலே வலைத்துணி போட்டுக் கல் வைக்க வேண்டியதாயிற்று. வாடை முழுக்கப் போகும்வரை அங்கேயே கிடந்தது.

பொள்ளாச்சித் தென்னை நார்க்கழிவு நிரப்பிய தட்டுகளில் எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைத்தேன். ஜிஏ தண்ணீரில் ஊறியது முதலில் வந்தது. அசிட்டோன் வழி ஜிஏ ஏற்றியது அதற்கு ஓரிரு நாள் பிந்தியது, ஆனால் எழும்போது ஏறக்குறைய ஒன்றாக எழுந்தது. வெறும் அசிட்டோன் விதை, ஒன்றும் செய்யாத விதையைப் போலவே அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்தது. அசிட்டோன் காய்ந்த விதையைக் கொல்லவில்லை, முளைக்கத் தூண்டவும் இல்லை. வேலை செய்தது ஜிஏதான்.

அதனால் மொத்தமாக விதைப்பவருக்கு இந்தச் சிரமம் தேவையில்லை, தண்ணீரே போதும். என்னைப்போல் கொஞ்சம் கொஞ்சமாக விதைப்பவருக்குத்தான் லாபம், அதுவும் பாட்டிலில் இருக்கும் விதை வீரியத்தோடு இருந்தால். மீதி விதையைச் சிலிக்கா ஜெல்லோடு குளிர்ப்பெட்டியில் வைத்திருக்கிறேன். ஐப்பசி மழைக்கு ஒரு தட்டு, தையில் ஒரு தட்டு போட்டுப் பார்க்க வேண்டும். கூடவே பப்பாளி விதையும் காய்கிறது. அதன் வழுவழுப்பான மேல்தோலைச் சாம்பல் போட்டுத் தேய்த்து எடுத்தாயிற்று. விதையுறை தடிமன் என்பதால் அதற்கு ஊறும் நேரத்தைக் கூட்டிப் பார்ப்பதாக இருக்கிறேன்.