மூன்று ஞாயிறு ஓலை வாசித்த சபை

மதம் என்றாலே ஒருபால் திருமணத்துக்கு எதிரி என்று யாராவது அடித்துச் சொன்னால் எனக்கு டொராண்டோதான் ஞாபகம் வரும்.

கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் அரசு உரிமம் இல்லாமலேயே திருமணம் செய்ய ஒரு பழைய வழி உண்டு. அதுதான் தேவாலயத்தில் ஓலை வாசிப்பது. மூன்று ஞாயிற்றுக்கிழமை சபையில் ஜோடியின் பெயரை அறிவிப்பார்கள். டொராண்டோ மெட்ரோபாலிட்டன் கம்யூனிட்டி சர்ச் இந்த வழியைப் பிடித்தது. 2001 ஜனவரி 14 அன்று ஓர் ஆண் ஜோடிக்கும் ஒரு பெண் ஜோடிக்கும் போதகர் பிரென்ட் ஹாக்ஸ் திருமணம் செய்துவைத்தார். மிரட்டல் வந்ததால் குண்டு துளைக்காத கவசம் அணிந்திருந்தார். கல்யாணம் நடத்த ஒரு போதகருக்குக் கவசம் தேவைப்பட்டது, யோசித்துப் பாருங்கள்! மாகாண அரசு பதிவு செய்ய மறுத்தது. சரி என்று அவர்கள் ஒதுங்கவில்லை, நீதிமன்றம் போனார்கள். 2003 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது.

அப்புறம் பிரிட்டனில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். ஒருபால் திருமணம் நடத்துவதென்று 2009-லேயே முடிவெடுத்துவிட்டார்கள், இங்கிலாந்தில் சட்டம் வந்ததோ 2013-இல். அவர்கள் கல்யாணத்தில் பாதிரியார் கிடையாது. மணமக்களே எழுந்து நின்று உறுதி சொல்வார்கள். வந்திருந்த எல்லோரும், குழந்தைகள் உட்பட, சான்றிதழில் கையெழுத்துப் போடலாம். எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் இது.

ஸ்வீடன் திருச்சபையும் அதே 2009-இல் சம்மதித்தது.

சாமியும் வேண்டும், நேசிக்கும் துணையும் வேண்டும் என்று கேட்பவர்களிடம் ஒன்றை விட்டுவிடு என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?