பல்குச்சிக்கு ஒப்புதல் வாங்கின கதை

ஆய்வுத் திட்டத்தை எழுதி முடித்த நாளுக்கும் முதல் நோயாளியின் முழங்காலில் முதல் ஊசி இறங்கிய நாளுக்கும் நடுவில் பத்து மாதம் ஓடிவிட்டது. எம்.டி. படிப்பே மூன்று வருடம்தான். அக்குபஞ்சரில் தீசிஸ் செய்யப் போகிற ஜூனியர்கள் யாராவது இதைப் படித்து இரண்டு மாதமாவது மிச்சம் பிடித்தால் சரி. புலம்பலும் நடுநடுவே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தலைப்பு சாதாரணமானதுதான். முழங்கால் மூட்டுத் தேய்மான வலிக்கு அக்குபஞ்சர். ஒரு குழுவுக்கு நிஜ ஊசி, இன்னொரு குழுவுக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஊசி மாதிரி ஒன்று. கைடு கையெழுத்து, துறைத் தலைவர் கையெழுத்து, ஆய்வை ஒழுங்காக நடத்தப் பயிற்சி எடுத்ததற்கான ஜிசிபி சான்றிதழ் எல்லாம் ஒரே வாரத்தில் முடிந்தது. ஆய்வுக்கு ஒப்புதல் தருகிற நெறிமுறைக் குழு அலுவலகத்தில்தான் மாட்டினேன்.

மார்ச் கூட்டத்துக்குக் கடைசி நாள். பதினைந்து செட் ஜெராக்ஸ், ஸ்பைரல் பைண்டிங், ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். அங்கே இருந்தவர் மேல் செட்டைப் புரட்டினார். "தமிழ் ஒப்புதல் படிவம் இருக்கு. பேக் டிரான்ஸ்லேஷன் எங்க?" நோயாளி கையெழுத்துப் போடுகிற அந்தத் தமிழ்ப் படிவத்தை வேறொருவர் திரும்ப இங்கிலீஷில் மொழிபெயர்த்து, இரண்டும் ஒத்துப்போகிறது என்று எழுதித் தர வேண்டுமாம். சாயங்காலத்துக்குள் கொண்டுவருகிறேன் சார் என்றேன். "அடுத்த கூட்டம் ஜூன்ல மேடம்" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்துவிட்டார். என்னென்ன தாள் வேண்டும் என்கிற பட்டியல் அங்கேயே இருந்ததுதான். பீரோவுக்குப் பின்னால், சுவரில்.

அந்த மூன்று மாதத்தில் ஒரு நல்லது நடந்தது. ஒரு சீனியர் அக்கா படித்துப் பார்த்து இரண்டு தப்பைப் பிடித்தார். ஒன்று, முழங்கால் வலி எவ்வளவு, நடமாட்டம் எப்படி என்று நோயாளியைக் கேட்கிற வோமாக் கேள்வித்தாள். எல்லா முழங்கால் ஆய்விலும் இருக்கிறதே என்று நானும் போட்டிருந்தேன். அதற்கு உரிமம் வாங்க வேண்டும். அதே மாதிரியான கூஸ் கேள்வித்தாளுக்கு அந்தத் தொல்லை இல்லை, அதற்கு மாறினேன். இன்னொன்று, "முழங்காலைச் சுற்றி ஊசிகள் போடப்படும்" என்று ஒரே வரியில் எழுதியிருந்தேன். "ஸ்ட்ரிக்டா எதுக்கு இருக்கு?" என்று திட்டினார். அக்குபஞ்சர் ஆய்வில் என்னென்ன விவரம் எழுத வேண்டும் என்கிற பட்டியல்தான் ஸ்ட்ரிக்டா. எத்தனை ஊசி, எந்தப் புள்ளி, எவ்வளவு ஆழம், எத்தனை நிமிஷம், 'தே சி' என்கிற அந்தக் கனத்த வலி உணர்வு வர வேண்டுமா வேண்டாமா, போடுகிறவர் என்ன படித்தவர் என்பது வரைக்கும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. 2010-ல் திருத்திய வடிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு வரிக்கு வரி நிரப்புங்கள்.

ஜூன் கூட்டம். நான் உள்ளே இருந்தது பன்னிரண்டு நிமிஷம். மருந்தியல் பேராசிரியர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இது எப்படிம்மா வேலை செய்யுது?" என்றார். நான் 'சி' என்கிற உயிராற்றல் ஓட்டம், அது ஓடுகிற மெரிடியன் கோடுகள் என்று ஆரம்பித்தேன். பாதியில் கை காட்டி நிறுத்தினார். "அது நம்பிக்கை. நான் கேட்டது வேலை செய்யற விதம்." எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. தெரியாமல் இல்லை, படித்ததுதான், அந்த நேரத்துக்கு ஒன்றும் வரவில்லை.

அதனால் ஒரு சொல்: இதற்கான பதிலைக் குளிக்கும்போதுகூடச் சொல்கிற அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1977-ல் மேயர் குழு ஆரோக்கியமானவர்களின் கையில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற ஹெகு புள்ளியில் ஊசி போட்டுப் பல் வலியைத் தாங்கும் அளவைக் கூட்டிக் காட்டியது. ஓபியாய்டைத் தடுக்கிற நலாக்சோன் மருந்தைக் கொடுத்ததும் அந்தப் பலன் போய்விட்டது. அதாவது வலியைக் குறைக்க உடம்பே சுரக்கும் ஓபியாய்டுக்கு அதில் பங்கு உண்டு. 2010-ல் ரோசெஸ்டரில் நெடர்கார்ட் குழு எலியின் காலில், முழங்காலுக்குக் கீழே இருக்கிற எஸ்.டி.36 புள்ளியில் ஊசியைச் சுழற்றியபோது அங்கே வலியைத் தணிக்கிற அடினோசின் கூடியது. அடினோசின் போய் ஒட்டுகிற ஏ1 ஏற்பி இல்லாத எலிகளுக்கு வலி குறையவில்லை. 2021-ல் சியூஃபூ மா குழு, எலியின் பின்னங்காலில் ஆழமான திசுப்படலத்துக்குப் போகும் ஒரு வகை நரம்பு இருந்தால்தான், அதே புள்ளியில் கொடுக்கும் மின்தூண்டல் வேகஸ் நரம்பு வழியாக அட்ரினல் சுரப்பியை எட்டி வீக்கத்தைத் தணிக்கிறது என்று காட்டியது. வயிற்றில் கொடுத்தால் அந்தப் பாதை திறக்கவில்லை. ஆக எங்கே குத்தினாலும் ஒன்று என்பதும் இல்லை. கோடு கோடாக 'சி' ஓடுகிறது என்பதற்கு இது சாட்சியும் இல்லை.

ஜூனில் ஒப்புதல் கிடைக்கவில்லை. இதையெல்லாம் செப்டம்பர் கூட்டத்தில் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அதே பேராசிரியர் சிரித்தார். "எலிக்கு நம்பிக்கை கிடையாது. உன் பேஷண்டுக்கு உண்டே, அதை எப்படிப் பிரிப்பே?"

அதற்குத்தான் சார் ஒப்பீட்டுக் குழு என்றேன். அந்த ஒப்பீட்டுக் குழுதான் என் உயிரை வாங்கியது.

நிஜ ஊசி மாதிரியே தெரிய வேண்டும், ஆனால் தோலைத் துளைக்கக் கூடாது. ஸ்ட்ரைட்பெர்கர் ஊசி என்று ஒன்று 1998-லேயே வந்துவிட்டது. முனை மழுங்கியது, அழுத்தினால் நாடகக் கத்தி மாதிரி கைப்பிடிக்குள் போய்விடும். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிற செலவைக் கேட்டதும் விட்டுவிட்டேன். எனக்குக் கை கொடுத்தது பல்குச்சி. விளையாட்டில்லை. 2009-ல் அமெரிக்காவில் 638 முதுகுவலிக்காரர்களிடம் செர்க்கின் குழு செய்த ஆய்வில், அக்குபஞ்சர் ஊசியை நேராக இறக்க வைக்கிற சின்னக் குழாய்க்குள் பல்குச்சியை வைத்துத் தட்டியதுதான் ஒப்பீட்டுச் சிகிச்சை. அதில் நிஜ ஊசிக்கும் பல்குச்சிக்கும் பெரிய வித்தியாசம் வரவில்லை, இரண்டுமே வழக்கமான சிகிச்சையை முந்தின. ஆனால் முதுகு என்றால் ஆள் குப்புறப் படுத்திருப்பார். முழங்கால் கண்ணுக்கு எதிரிலேயே இருக்கிறதே! இடுப்புக்கு மேலே ஒரு சட்டம் வைத்துப் பச்சைத் துணி தொங்கவிடுவது என்று எழுதிச் சமாளித்தேன்.

இதைத் தமிழில் எழுதுவதுதான் பெரும்பாடு. ஜூன் படிவத்தில் "போலி ஊசி" என்று போட்டிருந்தேன். நெறிமுறைக் குழுவில் பொதுமக்கள் சார்பாக இருந்தவர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. "போலின்னா பேப்பர்ல வர்ற போலி டாக்டர்தான் ஞாபகம் வருவார். யார் கையெழுத்துப் போடுவா?" என்றார். சரியான கேள்வி. மாற்றி "தோலைத் துளைக்காத தொடுமுறை" என்று எழுதினேன். அந்த அம்மா அதையும் விடவில்லை. "எங்க தெருவுல ஒருத்தர் விரலால தொட்டே அக்குபஞ்சர் பண்றாரு. அங்க கூட்டம் தாங்கல. அப்ப இது வைத்தியமா, வைத்தியம் இல்லாததா?"

எனக்குப் பதில் இல்லை. இன்றைக்கும் முழுசாக இல்லை. ஜெர்மனியில் 1,007 பேரிடம் நடந்து 2006-ல் வந்த முழங்கால் ஆய்வில், 26 வாரம் கழித்து நிஜ ஊசிக் குழுவில் 53.1 சதவீதம் பேர் தேறினார்கள். புள்ளி அல்லாத இடத்தில் மேலோட்டமாக ஊசி போட்ட குழுவில் 51. வழக்கமான சிகிச்சைக் குழுவில் 29.1. முதல் இரண்டு எண்ணையும் மட்டும் பார்க்கிறவர் அக்குபஞ்சர் புருடா என்பார், முதலையும் கடைசியையும் மட்டும் பார்க்கிறவர் அற்புதம் என்பார். இரண்டு பேரோடும் சண்டை போட்டுக் களைத்துவிட்டேன். கடைசியில் படிவத்தில் ஏறிய வாசகம் இது: "உங்களுக்கு ஊசி போடப்படலாம், அல்லது ஊசி போடுவது போன்ற, தோலுக்குள் இறங்காத ஒரு முறை செய்யப்படலாம். எது என்று ஆய்வு முடியும்வரை சொல்ல மாட்டோம். முடிந்த பிறகு விரும்பினால் ஊசிச் சிகிச்சை இலவசமாகத் தரப்படும்." காப்பியடித்துக்கொள்ளுங்கள்.

ஒப்புதல் வந்தது. கடிதத்தில் தலைப்பில் 'முழங்கால்' போய் 'முழங்கை' ஆகியிருந்தது. நான் கவனிக்காமல் அப்படியே, மருத்துவ ஆய்வுகளைப் பதிகிற தேசியப் பதிவேடான சிடிஆர்ஐயில் ஏற்றினேன். தலைப்பு பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். திருத்தின கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் லீவு. அதுவே ஐந்து வாரம். கடிதத்தை வாங்கின இடத்திலேயே நின்று எழுத்துக்கு எழுத்துப் படியுங்கள்: தலைப்பு, படிவத்தின் பதிப்பு எண், தேதி, உங்கள் பெயர்.

நடுவில் ஒருவர், "ரெண்டு பேஷண்ட்ட சேத்துக்கோ, தேதியை அப்புறம் பாத்துக்கலாம்" என்று யோசனை சொன்னார். தயவுசெய்து கேட்காதீர்கள். 2018 ஏப்ரல் 1 முதல் சிடிஆர்ஐயில் முன்பதிவு மட்டும்தான். முதல் ஆளைச் சேர்த்த பிறகு பதிய முடியாது, தீசிஸ் அதோடு போயிற்று. பதிவு எண் ஒரு ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு மெயிலில் வந்தது. ஹாஸ்டல் மொட்டை மாடிக்குப் போய் அம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மா யாருக்கு என்ன ஆச்சோ என்று பயந்துவிட்டார்.

ஆள் சேர்ப்பதில் இரண்டு எச்சரிக்கை. "முன்னாடி அக்குபஞ்சர் எடுத்திருக்கீங்களா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள். மூன்றாவது சிட்டிங்கில், "அங்க விரல்தான் வச்சாங்க, ஊசி போடலியே" என்பார்கள். முன்பே எடுத்தவர்களைச் சேர்க்கக் கூடாது என்பதால் இப்படி இரண்டு பேரை ஆய்விலிருந்து விட வேண்டியதாயிற்று. "ஊசி போட்டோ, விரல் வச்சோ யாராவது வைத்தியம் பண்ணாங்களா?" என்று கேளுங்கள். அடுத்து, வலியைக் குறிக்கிற 100 மில்லிமீட்டர் கோடு. ஒரு முனை வலியே இல்லை, மறு முனை தாங்க முடியாத வலி, நோயாளி நடுவில் எங்கே என்று குறிக்க வேண்டும். ஜெராக்ஸ் எடுத்ததில் அது 97 ஆகச் சுருங்கியிருந்தது. ஒன்பது தாள் நிரப்பின பிறகுதான் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் பிரிண்ட் எடுங்கள், எடுத்ததை அளந்து பாருங்கள்.

போன வாரம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். எழுபது வயதுப் பாட்டி, ஒப்பீட்டுக் குழு, ஐந்தாவது சிட்டிங். குழாயைத் தட்டிக் குச்சியைத் திருகிக்கொண்டிருக்கிறேன். இருமல் வந்து பாட்டி எழுந்து உட்கார்ந்தார். துணி சரிந்தது. என் கையைப் பார்த்தார், கிண்ணத்தில் இருந்த குச்சிகளைப் பார்த்தார்.

"ஏம்மா, இது பல்லு குத்துற குச்சிதானே?"

ஆமாம் பாட்டி என்றேன். வேறென்ன சொல்ல? படிவத்தில் எழுதியிருந்ததை மறுபடி படித்துக் காட்டி, இதோடு நிறுத்திக்கொள்ளலாம், இன்றைக்கே ஊசிக்கு மாறிக்கொள்ளலாம் என்றேன். ஆய்வுத் திட்டத்திலிருந்து பிசகிவிட்டது என்று அறிக்கை எழுத வேண்டியிருந்தது. அதற்கு முன்னால் கோட்டுத் தாளையும் பேனாவையும் நீட்டினேன். பாட்டி யோசித்து ஒரு கோடு கிழித்தார்.

"ஊசியெல்லாம் எதுக்கு, பயமா இருக்கு. அடுத்த வாரமும் இதையே வச்சு வுடு."

ஸ்கேல் வைத்து அளந்தேன். முதல் நாள் 71. அன்றைக்கு 48.