பச்சையா தெரிஞ்சா காடு ஆயிருமா?

நெய்வேலி சுரங்கத்துல தோண்டிப்போட்ட மண்ணு குன்னா நிக்கும், பாத்திருப்பிய. அது மேல நாலு மரம் தெரிஞ்சா உடனே காடு வந்துட்டுன்னு ஷேர் பண்ணுதாவ. ரப்பர் தோட்டத்துக்கு நடுவுல கெடக்க நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து ஆளுவளுக்கு, பச்சையெல்லாம் காடு இல்லன்னு தனியா சொல்லணுமாக்கும்!

ஆழத்துல கெடந்த மண்ணுல மக்குன இலைதழை கிடையாது, தழைச்சத்து கிடையாது, வேரோட சேந்து வாழுத பூஞ்சையும் கிடையாது, அதனாலதான் தோண்டுததுக்கு முன்னாடியே மேல்மண்ண தனியா எடுத்து வைக்கணும், அதையும் வருசக்கணக்கா குவிச்சு போட்டா உள்ள இருக்க விதையெல்லாம் செத்துரும். அமெரிக்கால அப்பலாச்சியன் மலைப்பக்கம் சுரங்கம் தோண்டுன நிலத்த திரும்ப சீராக்கணும்னு 1977ல சட்டம் வந்த பொறவு, நிலத்த சமப்படுத்துதோம்னு புல்டோசர ஓட்டி ஓட்டி மண்ண இறுக்கிட்டாவ. புல்லு வந்துச்சு, மரம் வரல. இப்ப மேல நாலடி மண்ண லூசா விடுங்கன்னுதான் அங்கயே சொல்லுதாவ.

கடலூர் பக்கத்து காடுன்னா வீரை, காசா, உலக்கைப்பாலை. எல்லாம் மெதுவாத்தான் வளரும், போட்டோவுக்கு ஆவாது. முதல்ல தழைச்சத்து சேக்குத கொழிஞ்சி செடிய விதைச்சு மண்ண தேத்திட்டு அதுவள வைக்கலாம்னு எனக்கு தோணுது. அந்த பக்கம் இந்த நாத்து கிடைக்கிற நர்சரி தெரிஞ்சா இன்பாக்ஸ்ல சொல்லுங்க, நெய்வேலில வேலை பாக்குத மச்சான் கேக்கான்.