ஓவனுக்குத் தட்டை, எண்ணெய்ச் சட்டிக்கு முறுக்கு

ஓவன் வாங்கியதும் முதலில் கேக், அடுத்தது பிஸ்கட், அப்புறம் வீட்டில் யாருக்காவது கொலஸ்ட்ரால் என்று ரிப்போர்ட் வந்த வாரம் முறுக்கையும் அதற்குள் வைத்துப் பார்த்தால் என்ன என்று தோன்றும். முறுக்கை மட்டும் வைக்காதீர்கள். பல் போகும்.

காரணம் எளிது. 170, 180 டிகிரி சூட்டில் இருக்கும் எண்ணெய் மாவைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்கிறது, உள்ளே இருக்கிற தண்ணீர் ஆவியாகிக் குமிழ் விட்டு வெளியே ஓடுகிறது, அது ஓடிய வழிதான் நாம் கடிக்கும்போது நொறுங்குகிறது. ஓவனில் இருப்பது வெறும் சூடான காற்று. அது மெதுவாகத்தான் சூடேற்றும், தண்ணீரும் மெல்ல மெல்ல வற்றும், மாவு பொரியாமல் காய்ந்து இறுகிப்போகும். அதிலும் முறுக்கு மாதிரி உருண்டையான, கொஞ்சம் தடிமனான சமாச்சாரம் என்றால் வெளியே சிவந்து, நடுவில் சவசவ என்று நிற்கும்.

அதனால் எண்ணெய்ப் பலகாரத்தை அப்படியே ஓவனில் நகலெடுக்காமல், ஓவனுக்கு ஒத்துவருவதைச் செய்வதுதான் புத்திசாலித்தனம். மெல்லியதாகத் தட்டக்கூடியது, கொழுப்பை மாவுக்குள்ளேயே பிசைந்துவிடக்கூடியது. நம்ம ஊரில் அப்படி ஒன்று ரெடியாகவே இருக்கிறது, தட்டை.

நான் கேழ்வரகில் செய்கிறேன். வேலூர், திருப்பத்தூர் பக்கம் கேழ்வரகுக்குப் பஞ்சமில்லை, மில்லில் கொடுத்து அரைத்த மாவாக இருந்தால் வாசனையே வேறு. ஒரு கப் கேழ்வரகு மாவு, அரை கப் அரிசி மாவு, கால் கப் பொட்டுக்கடலை மாவு. மூன்று டேபிள்ஸ்பூன் செக்குக் கடலெண்ணெயை நன்றாகச் சூடாக்கி மாவில் ஊற்றி, கை பொறுக்கும் சூடு வந்ததும் பிசறிவிடுங்கள், பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். எள், பெருங்காயம், மிளகாய்த் தூள், கிள்ளிய கறிவேப்பிலை, ஒன்றிரண்டாகப் பொடித்த வறுத்த மல்லாட்டை (வேர்க்கடலைதான்), உப்பு. வெந்நீர் தெளித்துக் கெட்டியாகப் பிசைய வேண்டும். ஊறவைத்த கடலைப்பருப்பு வேண்டாம், எண்ணெயில் அது மொறுமொறுப்பாகும், ஓவனில் கூழாங்கல்லாகும். பருப்பு கடிபட்டே தீர வேண்டும் என்றால் பொட்டுக்கடலையை முழுதாகப் போடுங்கள்.

பட்டர் பேப்பர் மேல் வைத்து, இன்னொரு பேப்பரால் மூடி, அடி தட்டையான டம்ளரால் அழுத்தினால் போதும். இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் கூடாது, இதில் மட்டும் சமரசமே கிடையாது. உப்பாமல் இருக்க முள்கரண்டியால் குத்திவிட்டு, 160 டிகிரியில் இருபது, இருபத்தைந்து நிமிடம், பாதியில் ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். கேழ்வரகு முதலிலிருந்தே பழுப்பு என்பதால் நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், ஒன்றை வெளியே எடுத்து ஆறவிட்டு உடைத்துப் பாருங்கள். 'டப்' என்று உடையவில்லை என்றால் ஓவனை அணைத்து, கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து உள்ளேயே விட்டுவிடலாம், மிச்ச ஈரம் அந்தச் சூட்டிலேயே போய்விடும்.

குடியாத்தத்திலிருந்து வந்த பெரியம்மா ஒன்றைக் கடித்துவிட்டு "இன்னாடி இது, பிஸ்கட்டா?" என்றார். பாதி உண்மைதான். ஆனால் டீ ஆறுவதற்குள் தட்டில் இருந்தது காலி.

எண்ணெய்க் கணக்கு இதில் கண்ணுக்குத் தெரியும். மூன்று டேபிள்ஸ்பூன் என்பது சுமார் 40 கிராம், கிராமுக்கு 9 கலோரி, ஆக 360. முப்பது தட்டை வந்தால் ஒன்றுக்கு எண்ணெயிலிருந்து 12 கலோரிதான். பொரித்தால் எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்குத் தெரியும்? அதற்காகக் கேழ்வரகு என்றாலே சர்க்கரை உள்ளவர்கள் டப்பாவைக் காலி செய்யலாம் என்றில்லை. அதில் கால்சியம் நிறைய உண்டு, 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல், ஆனால் அதே 100 கிராமில் 65 கிராமுக்கு மேல் மாவுச்சத்தும் இருக்கிறது. உப்பையும் ஓவன் குறைக்காது. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, நாம் சாம்பாரிலேயே பாதியை முடித்துவிடுகிறோம்.

தட்டையைவிடச் சுலபம் மிக்சர், சொல்லப்போனால் ஓவனில் எனக்கு ரொம்பப் பிடித்ததே அதுதான். மெல்லிய அவலை 120 டிகிரியில் பத்து நிமிடம், வேர்க்கடலையைத் தனியாக 160-ல் கால் மணி நேரம், கறிவேப்பிலை கடைசி இரண்டு மூன்று நிமிடம். கெட்டி அவல் வேண்டாம், அது எண்ணெயில்தான் பொரியும். இரண்டு ஸ்பூன் எண்ணெயில் கடுகு, பூண்டு, மஞ்சள், மிளகாய்த் தூள் தாளித்து எல்லாவற்றையும் புரட்டி, உப்பைக் கடைசியில் தூவினால் முடிந்தது. வேகவைத்த கொண்டைக்கடலையையும் துணியில் நன்றாக ஈரம் ஒற்றி 200-ல் முக்கால் மணி நேரம் வைக்கலாம், ஆனால் அதை அன்றைக்கே தின்றுவிட வேண்டும், மறுநாள் நமத்துவிடும்.

நம்ம ஊருக்கென்று இரண்டு விஷயம். கரண்ட் வோல்டேஜ் 230-லிருந்து 200-க்கு இறங்கினால் ஓவனின் சூடேற்றும் சக்தி கிட்டத்தட்ட கால் பங்கு குறைந்துவிடும், சமையல் குறிப்பில் இருக்கிற நிமிடக் கணக்கை அப்போது நம்பாதீர்கள், சாயங்காலம் தெருவில் எல்லா ஏசியும் ஓடும்போது இது அடிக்கடி நடக்கும். இன்னொன்று, கத்திரி வெயிலில் மத்தியானம் வேலூர் சமையலறையில் ஓவன் போடுவது நமக்கு நாமே கொடுத்துக்கொள்ளும் தண்டனை, விடியற்காலையில் போட்டு ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

தீபாவளிக்கு முறுக்கு எண்ணெயில்தான். அதில் எங்கள் வீட்டில் பேச்சே கிடையாது.