ஸ்கிராப் யார்டிலிருந்து எங்கள் கோயில் மணி திரும்பி வந்த விவரம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கோயில் நிர்வாகத்தில் இருக்கிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். வெண்கலமோ பித்தளையோ செம்போ திருடு போனால் அன்றைக்கே அது உருகிப்போயிருக்கும், தேடி என்ன பயன் என்று இங்கே பலர் மனம் விட்டுவிடுகிறார்கள். போலீசில் ஒரு எண் வாங்கி இன்ஷூரன்ஸுக்கு அனுப்பிவிட்டு அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பழைய உலோகம் வாங்கும் ஸ்கிராப் யார்டிலிருந்து எங்கள் மணி திரும்பி வந்தது. விளக்குகள் வரவில்லை. எது எப்படி வந்தது, எது ஏன் வரவில்லை என்று சொன்னால் இன்னொரு கமிட்டிக்கு உதவும்.

திருட்டு நடந்தது 2023-இல், இங்கே ஜூன்-ஜூலையில் வரும் குளிர்காலத்தில், ஆடிக் கூழுக்கு ஏற்பாடு தொடங்கியிருந்த சமயம். லோட் ஷெட்டிங் என்கிற சுழற்சி மின்வெட்டு மிக மோசமாக இருந்த வருஷம் அது. தெரு முழுக்க இருட்டாகும் நேரம் எல்லோருடைய போனிலும் முன்கூட்டியே வந்துவிடும், திருடர்களுக்கும்தான். மண்டபத்து வெண்கல மணி, இரண்டு பித்தளைக் குத்துவிளக்குகள், நவக்கிரக சன்னதி மேல் இருந்த சின்னச் செம்புக் கலசம், சமையற்கட்டு கெய்சரின் செம்புக் குழாய், மீட்டர் பெட்டியிலிருந்து மண்டபத்துக்கு வரும் கேபிள், எல்லாம் போயிருந்தன. உண்டியல் அப்படியே இருந்தது. கனமான இரும்பு அடுப்புகளையும் யாரும் நகர்த்தவில்லை. வந்தவர்களுக்கு உலோகம் தெரியும் என்பது அதைப் பார்த்ததுமே புரிந்தது.

லண்டன் உலோகச் சந்தையில் செம்பு 2022 மார்ச்சில் டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியது. 2024 மே மாதத்தில் 11,000-ஐயும் தாண்டியது. பழைய இரும்பு டன்னுக்குச் சில நூறு டாலர்தான். செம்பை எத்தனை தடவை உருக்கினாலும் தரம் குறையாது. தாதுவை வெட்டிப் பிரித்துச் செம்பு எடுக்க ஆகும் சக்தியில் சிறு பங்கே பழைய செம்பை உருக்கப் போதும். அதனால் உருக்காலைக்காரர்கள் பழையதைத் தேடி வாங்குகிறார்கள். மணி வார்க்கிற வெண்கலத்திலும் ஐந்தில் நான்கு பங்கு செம்புதான், மீதி வெள்ளீயம். நாம் சாமிக்கு முன்னால் அடிக்கிற மணி, யார்டின் தராசில் ஏறும்போது செம்பு கலந்த ஒரு கட்டி மட்டுமே. நாட்டில் ரயில் நிற்பதும், தெருவிளக்கு எரியாததும், போன் லைன் செத்துப்போவதும் இந்தச் செம்புத் திருட்டாலும்தான். இந்தத் திருட்டால் பொருளாதாரத்துக்கு ஆண்டுக்கு 4,700 கோடி ரேண்டுக்கு மேல் நஷ்டம் என்று அரசே சொல்லியிருக்கிறது.

சரி, நாங்கள் செய்ததற்கு வருகிறேன்.

குருக்கள்தான் முதலில் பார்த்தார். கமிட்டித் தலைவர் அண்ணனுக்கும் எனக்கும் போன் செய்தார். நான் அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். கோயில் காகிதங்கள் என் பொறுப்பில் இருக்கின்றன. யாரையும் உள்ளே விடாமல் கைரேகை எடுக்கிறவர்கள் வரும்வரை காத்திருந்தோம். பிறகு ஸ்டேஷனில் வாக்குமூலம். கேஸ் எண் எஸ்எம்எஸ்-ஸில் வந்தது. அந்த எண்தான் எல்லாவற்றுக்கும் சாவி. அது இல்லாமல் இன்ஷூரன்ஸ்காரரும் பேசமாட்டார், யார்டுக்காரரும் பேசமாட்டார்.

வாக்குமூலத்தில் ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக நின்றேன். எழுதிக்கொண்ட கான்ஸ்டபிள் "ஒரு மணி, இரண்டு விளக்கு" என்று முடிக்கப் பார்த்தார். இப்படி எழுதினால் நாட்டில் உள்ள எந்த மணியும் எங்கள் மணியாகலாம். எடை சுமார் 38 கிலோ, விளிம்பின் விட்டம், தொங்கவிடும் வளையத்தின் வடிவம், தோளில் சுற்றிப் பொறித்திருக்கும் தமிழ் எழுத்து, எல்லாவற்றையும் எழுதச் சொன்னேன். படங்களையும் இணைக்கச் சொன்னேன். பின்னால் எங்களுக்குக் கைகொடுத்தது அந்த ஒரு பத்திதான்.

அந்த மணிக்கு ஒரு வரலாறு உண்டு. இனஒதுக்கல் காரணமாக இந்தியா 1946-இல் தென்னாப்பிரிக்காவுடன் வர்த்தகத்தை நிறுத்தியது. 1993-இல்தான் அது மறுபடி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் ஒரு விக்கிரகமோ விளக்கோ நேராக ஊரிலிருந்து வரவழைக்க முடியாது. தடை நீங்கிய பிறகு, இன வாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தால் வீடிழந்து இந்தப் பக்கம் வந்த ஒரு குடும்பம், தங்கள் பாட்டியின் நினைவாகக் கும்பகோணத்தில் வார்த்துக் கப்பலில் வரவழைத்த மணி அது. பாட்டி பெயரும் உபயம் என்ற சொல்லும் அதில் இருந்தன. இன்ஷூரன்ஸ் பணத்தில் வேறு மணி வாங்கிவிடலாமே என்று சிலர் சொன்னபோது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

இப்போது முக்கியமான இடம். பழைய பொருள்கள் சட்டம் என்று ஒன்று இங்கே உண்டு: 2009-ஆம் ஆண்டின் 6-ஆம் எண் சட்டம். 2012-லிருந்து முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஸ்கிராப் வாங்கும் ஒவ்வொரு யார்டும் போலீசில் பதிவு செய்திருக்க வேண்டும். விற்கிறவரின் அடையாள அட்டையைப் பார்த்து, பெயர், முகவரி, பொருளின் விவரம் எல்லாம் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். வாங்கிய பொருளை 7 நாள் வந்த நிலையிலேயே வைத்திருக்க வேண்டும். வெட்டவோ உருக்கவோ கைமாற்றவோ கூடாது. மேலுறையை எரித்த கேபிளைக் காரணம் சொல்ல முடியாமல் வைத்திருப்பதே குற்றம். திருடு கொடுத்தவருக்கு அந்த 7 நாள்தான் அவகாசம். டிடெக்டிவ் யாரென்று தெரிய வரும்வரை உட்கார்ந்திருந்தால் அவகாசம் போய்விடும். கமிட்டியில் யாராவது அன்றைக்கே யார்டுகளுக்குப் புறப்பட வேண்டும்.

அண்ணனும் நானும் கிளம்பினோம். ஜேக்கப்ஸ், மோபெனி, கிளேர்வுட் பக்கமெல்லாம் யார்டுகள். கிளேர்வுட்டில் ஒரு காலத்தில் நம்மவர்கள் தோட்டமும் கடையுமாக வாழ்ந்தார்கள். இப்போது லாரிகளும் கன்டெய்னர்களுமாகக் கிடக்கிறது. மணியின் படம், கேஸ் எண், என் போன் நம்பர் மூன்றையும் ஒரே தாளில் அச்சடித்து ஒவ்வொரு இடத்திலும் கொடுத்தோம். சில இடங்களில் கேட்டைக்கூடத் திறக்கவில்லை. பல இடங்களில் மரியாதையாகவே பேசினார்கள். திருட்டுப் பொருள் கையில் சிக்கினால் நேர்மையான வியாபாரிக்குத்தான் முதல் நஷ்டம். அதை அவர்களே சொன்னார்கள்.

யார்டுக்குள் போய்ப் பார்த்தால் ஒன்று விளங்கும். கேட்டிலேயே எடைப் பாலம். உள்ளே கம்பி வலைக் கூண்டுகள்: உறை நீக்கிய பளபளக்கும் செம்புக் கம்பிக்கு ஒன்று, பழைய குழாய்க்கு ஒன்று, பித்தளைக் குழாய்முனைகளுக்கு ஒன்று, ரேடியேட்டருக்கு ஒன்று, அலுமினியக் கேனுக்கு ஒன்று. காந்தத்தை வைத்துப் பார்ப்பார்கள், ஒட்டினால் இரும்பு. அரத்தால் ஒரு கீறல் போட்டால் உள்நிறம் தெரியும். தள்ளுவண்டியில் அட்டையும் கேனும் கொண்டுவந்து காலையிலிருந்து வரிசையில் நிற்கிற மனிதர்களையும் அங்கே பார்த்தேன். அவர்களில் பெரும்பாலோர் நாம் வீசியதைப் பொறுக்கி வயிறு கழுவுகிறவர்கள். ஸ்கிராப் திருட்டு என்றதும் நம் ஆட்கள் அவர்களைத்தான் கைகாட்டுகிறார்கள். அது தப்பு. அடையாளம் கேட்காமல், ராத்திரியில், பதிவேடு இல்லாமல் வாங்குகிறவன் இருக்கும்வரை திருட்டு இருக்கும். என் கோபமெல்லாம் அவன் மேல்தான்.

மணி ஒரு நடுத்தரமான யார்டில் இருந்தது. நாங்கள் தாளைக் கொடுத்துவிட்டு வந்த பிறகு அங்கே எடை போடும் ஜூலுப் பெண் போன் செய்தார். "ஆன்ட்டி, நீங்க சொன்ன அந்தக் கோயில் மணி, அதுல ஏதோ எழுத்து சுத்தி இருக்கு, எங்களுக்குப் படிக்கத் தெரியல. வந்து பாருங்க" என்றார். போய்ப் பார்த்தால் பித்தளைக் குவியலுக்குப் பக்கத்தில் தனியாக வைத்திருந்தார். தொங்கும் வளையத்தை அறுத்திருந்தார்கள். விளிம்பில் ஒரு துண்டு சிதறிப் போயிருந்தது. மணி வெண்கலத்தில் வெள்ளீயம் அதிகம் என்பதால் சுத்தியலால் அடித்தால் நசுங்காது, உடையும். யாரோ உடைத்துப் பார்த்து, முடியாமல் முழுசாகவே கொண்டுவந்திருக்கிறார்கள். பாட்டியின் பெயரை விரலால் தடவிப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அண்ணன் ஒன்றும் பேசவில்லை.

கண்டுபிடித்ததும் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்யக் கூடாது. பணம் கொடுத்து வாங்கிக்கொள்ளவும் கூடாது. அது வழக்கில் ஒரு சாட்சிப் பொருள். பழைய பொருள் வியாபாரத்தைக் கண்காணிக்கவே போலீசில் தனியாக அதிகாரிகள் உண்டு. அவர்களில் ஒருவரை அங்கே வரவழைத்தோம். அவர் பதிவேட்டைப் பார்த்தார், விற்றவரின் அடையாள அட்டை நகலை எடுத்துக்கொண்டார், மணியைக் கைப்பற்றி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார். அங்கே அது எஸ்ஏபி 13 என்ற பதிவேட்டில் ஏறியது. கைப்பற்றிய பொருள் எல்லாம் அந்தப் பதிவேட்டில்தான் இருக்கும். அந்த வரிசை எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கேஸ் எண் வேறு, இது வேறு.

இதற்குப் பிறகுதான் இழுபறி. மணி ஸ்டேஷன் அறையில் கிடக்கிறது, ஆடி போய்விட்டது, டிடெக்டிவ் மாறிவிட்டார். வழக்கு முடிந்த பிறகுதான் தருவார்கள் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அது சரியில்லை. 1977-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 30-ஆம் பிரிவு இருக்கிறது. யாரிடமிருந்து பொருள் கைப்பற்றப்பட்டதோ அவர் சம்மதித்தால், திருடு கொடுத்தவரிடம் பொருளை ஒப்படைக்கலாம். வழக்குக்குத் தேவைப்படும்போது கொண்டுவர வேண்டும் என்பது நிபந்தனை. ஒரு வக்கீல் தம்பி, எங்கள் பழைய மாணவன், இதை எடுத்துக் காட்டினான். அதைக் குறிப்பிட்டுக் கமிட்டியின் லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுத்த பிறகுதான் காரியம் நகர்ந்தது.

அதற்குக் கேட்ட காகிதங்கள்: கமிட்டியின் அமைப்பு விதி நகல், மணியைப் பெற்றுக்கொள்ள எனக்கும் தலைவருக்கும் அதிகாரம் கொடுக்கும் தீர்மானம், கும்பாபிஷேகப் படங்கள், மணி வந்தபோது கொடுத்த கப்பல் ரசீது. ரசீது நம்மிடம் இல்லை. உபயம் செய்த குடும்பத்தின் மகள் ஜோகன்னஸ்பர்க்கில் இருந்தார். அவர் வீட்டு அலமாரியிலிருந்து அது கிடைத்தது. எழுத்தில் என்ன பொறித்திருக்கிறது என்று அதிகாரிகளுக்குத் தெரியாதே, அதற்கு நான் ஒரு சத்தியப் பிரமாணம் எழுதிக் கையெழுத்திட்டேன். கும்பாபிஷேகப் படத்தைப் பெரிதாக்கி, மணியின் இன்றைய படத்தோடு எழுத்துக்கு எழுத்து பொருத்திக் காட்டினேன். யார்டு உரிமையாளரும் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். அவர் கொடுத்த பணம் அவருக்குத் திரும்பவில்லை. இருந்தும் ஒரு வார்த்தை முனகவில்லை. இதை நான் சொல்லியே ஆக வேண்டும்.

விளக்குகளும் கலசமும் கிடைக்கவில்லை. குத்துவிளக்கைத் தட்டு தட்டாகப் பிரித்துவிட்டால் அது வெறும் பித்தளை. கலசத்தை மிதித்தால் அது வெறும் செம்புத் தகடு. அடையாளம் போன பொருளை எந்தச் சட்டமும் கண்டுபிடிக்காது. கேபிளை அந்த ராத்திரியே எரித்திருப்பார்கள். 2022 நவம்பர் 30-ஆம் தேதி அரசு செம்பு உட்பட ஸ்கிராப் ஏற்றுமதியைத் தடை செய்து, பிறகு நீட்டித்தது. திருட்டுச் செம்பு கடல் கடந்து போகாமல் தடுக்கத்தான். அது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் உள்ளூர்ப் பதிவேடுகளைச் சோதிக்க ஆள் போடாமல் துறைமுகத்தை மட்டும் பூட்டினால் போதாது.

மணியை மறுபடி வார்க்கலாமா என்று கமிட்டியில் பேச்சு நடக்கிறது. உடைந்த விளிம்பால் நாதம் மாறிவிட்டது. அதே வெண்கலத்தை உருக்கி, குறைகிற எடைக்குக் கொஞ்சம் சேர்த்து வார்த்தால் பாட்டியின் மணி அதே உலோகத்தில் இருக்கும் என்பது என் கட்சி. இப்போதைக்கு முடியாது. வழக்கு முடியும்வரை அது சாட்சிப் பொருள், உருவம் மாறக் கூடாது. புது வளையம் போட்டுக்கூடத் தொங்கவிடவில்லை. கோயிலில் பூட்டிய அறையில் இருக்கிறது.

இதற்கிடையில் கோயிலில் உள்ள ஒவ்வொரு உலோகப் பொருளையும் எடை போட்டு, நான்கு பக்கமும் படமெடுத்து, அடியில் ஒரு குறி குத்தி, பதிவேடு போட்டுவிட்டோம். கார்களுக்குத் தெளிக்கிற மைக்ரோடாட்டை, அதாவது அடையாள எண் பொறித்த மிகச் சிறிய புள்ளிகளை, புதுக் கேபிளுக்கும் தெளித்தாகிவிட்டது. பதிவேட்டின் நகல் ஒன்று அந்த அதிகாரியிடம் இருக்கிறது. கெய்சருக்குச் செம்புக் குழாயை விட்டுப் பிளாஸ்டிக் குழாய் போட்டோம். பதிவேட்டுப் படிவம் வேண்டும் என்கிற கமிட்டிகள் எங்கள் ஞாயிறு வகுப்பு முடிகிற நேரத்தில் வந்தால் நகல் எடுத்துத் தருகிறேன். நிரப்புவதற்கும் கூட உட்கார்ந்து உதவுகிறேன்.