வேதியியல் மாணவர்கள் ஆய்வகத்தில் பழகிக்கொள்ள வேண்டியவை

பாளையங்கோட்டையில் வேதியியல் படித்து, சிமெண்ட் ஆலை ஒன்றில் ஷிப்ட் கெமிஸ்டாக இருந்து, இப்போது தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பணிபுரிகிறேன். வேலை கேட்டு வரும் இளநிலை, முதுநிலைப் பட்டதாரிகளை நேர்முகம் காணும் பொறுப்பும் எனக்கு உண்டு. வருபவர்களில் பலருக்குப் பாடம் நன்றாகவே தெரிந்திருக்கிறது. செய்முறைத் தேர்விலும் மதிப்பெண் குறைவில்லை. ஆனால், “நீங்கள் சொல்லும் இந்த அளவு சரி என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டால் பெரும்பாலோர் தயங்கிவிடுகிறார்கள்.

காரணம் எளிது. கல்லூரிச் செய்முறையில் கரைசலின் விடை ஆசிரியரிடம் இருக்கிறது. நம் விடை அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதற்கே மதிப்பெண். ஆகவே சீனியர் சொன்ன எண்ணை வைத்துக்கொண்டு ப்யூரெட் (கரைசலைத் துளித்துளியாக அளந்து விடும் குழாய்) அளவைப் பின்னோக்கிக் கணக்கிட்டு எழுதும் வழக்கம் ஆண்டுதோறும் தொடர்கிறது. ஆலைக்கோ பரிசோதனைக் கூடத்துக்கோ வருகிற மாதிரியின் விடை எவரிடமும் இருப்பதில்லை. அங்கே நம் அளவை நாமே சோதித்து நம்பவும், பிறர் நம்பும்படி காட்டவும் தெரிந்திருக்க வேண்டும். கல்லூரியில் இருக்கும்போதே பழகவேண்டிய திறன் என்று ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

இதைப் பழகுவதற்கு நம் நெல்லைப் பகுதியில் வசதிக்குக் குறைவில்லை. தாமிரபரணித் தண்ணீரில் சோப்பு நன்றாக நுரைக்கும். ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்துப் போர்த் தண்ணீர் பலவற்றில் பருப்பு வேகவே நேரமாகும். துறைத் தலைவரிடம் அனுமதி பெற்று உங்கள் வீட்டுத் தண்ணீரின் கடினத்தன்மையை, அதாவது அதில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசியத்தின் அளவை, அவற்றைப் பிணைத்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளைக் கொண்டு தரம் பாருங்கள் (டைட்ரேஷன்). 50 மி.லி. தண்ணீரில் அம்மோனியா தாங்கல் கரைசலை (பஃபர்) சேர்த்து பி.எச். மதிப்பை 10 அளவில் நிறுத்தி, எரியோகுரோம் பிளாக் டி என்ற நிறம் மாறும் நிலைக்காட்டியை இட்டு, 0.01 மோலார் ஈ.டி.டி.ஏ.யால் தரம் பார்க்கும்போது ஒவ்வொரு மில்லிலிட்டரும் 1 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். 12.40 மி.லி. செலவானால் லிட்டருக்கு 248 மில்லிகிராம். குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் ஐ.எஸ். 10500 ஏற்கத்தக்க வரம்பாக 200 என்றும், வேறு நீராதாரம் இல்லாதபோது அனுமதிக்கும் வரம்பாக 600 என்றும் வகுத்திருக்கிறது. இந்தப் படி வரை எல்லா மாணவரும் செய்துவிடுவார்கள்.

கவனிக்க வேண்டியது, நிறம் மாறித் தரம் பார்ப்பது முடியும் முடிவு நிலையைத்தான். நிலைக்காட்டி தரும் திராட்சைச் சிவப்பு நேராக நீலமாகிவிடுவதில்லை. இடையில் ஊதா வரும், அதிலேயே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. சிவப்பின் கடைசிச் சாயலும் மறையும் வரை, ஒவ்வொரு துளிக்குப் பின்னும் சில விநாடிகள் பொறுத்துக் குலுக்க வேண்டும். அதற்காக ஆற அமரச் செய்யவும் கூடாது. தாங்கல் கரைசல் சேர்த்த ஐந்து நிமிடத்துக்குள் முடிக்காவிட்டால் அந்தக் காரத்தன்மையில் கால்சியம் கார்பனேட் படியத் தொடங்கி, அளவு குறைத்துக் காட்டும். நிற மாற்றம் மழுங்கலாக வந்தால் முதலில் தாங்கல் கரைசலையும் நிலைக்காட்டியையும் சந்தேகியுங்கள். சரியாக மூடாத புட்டியிலிருந்து அம்மோனியா வெளியேறி பி.எச். இறங்கியிருக்கும், நிலைக்காட்டியும் கரைசலாக வைத்தால் நாளடைவில் கெட்டுவிடும் என்பதால் உப்புடன் அரைத்துப் பொடியாக வைப்பது நல்லது. மாதிரியில் மக்னீசியம் அறவே இல்லாதபோதும் முடிவு நிலை தெளிவாக வராது.

இனி, அந்த 248 சரிதானா என்பதற்கு வருவோம். 1.000 கிராம் தூய கால்சியம் கார்பனேட்டை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, கொதிக்கவைத்து, நடுநிலையாக்கி, ஒரு லிட்டருக்கு நிரப்புங்கள். அதில் 10 மி.லி. எடுத்துத் தரம் பார்த்தால் 10 மி.லி. ஈ.டி.டி.ஏ. செலவாக வேண்டும், ஆகாவிட்டால் கரைசலின் செறிவைத் திருத்திக்கொள்ள வேண்டும். மாதிரிக்குப் பதில் வாலைவடிநீரை மட்டும் வைத்து ஒரு வெற்றுச் சோதனையும் (பிளாங்க்) செய்யுங்கள். பிறகு உங்கள் வீட்டுத் தண்ணீரிலேயே தெரிந்த அளவு இந்தக் கால்சியம் திட்டக் கரைசலைச் சேர்த்து, சேர்த்தது முழுவதும் விடையில் கூடுதலாகத் திரும்பக் கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைத்துவிட்டால் மேலே நான் குறிப்பிட்ட நேர்முகக் கேள்விக்கு உங்களிடம் விடை இருக்கிறது.

அளவு படிப்பதிலும் இதே கண்டிப்பு வேண்டும். 50 மி.லி. ப்யூரெட்டில் கோடுகள் 0.1 மி.லி. இடைவெளியில் இருந்தாலும், இடையில் 0.05 வரை மதிப்பிட்டுப் படிக்கிறோம், எனவே 12.4 என்று எழுதுவதும் 12.40 என்று எழுதுவதும் ஒன்றல்ல. பர்மாங்கனேட்டின் கருநிறத்தில் கீழ்ப்பிறை (திரவ மட்டத்தின் வளைந்த அடிவிளிம்பு) தெரியாததால் மேல்விளிம்பைப் படிப்பது வழக்கம். தொடக்க அளவையும் முடிவளவையும் அதே விளிம்பிலேயே படிக்க வேண்டும் என்பதுதான் அதில் முக்கியம்.

குறிப்பேட்டைப் பற்றி என் கருத்து சற்றுக் கடுமையானது. வண்ணப் பேனாவால் கோடு போட்டு அழகுபடுத்தும் ரெக்கார்டு நோட்டால் தொழிலில் பயனில்லை. கறை படிந்த அப்சர்வேஷன் நோட்டே உண்மையான ஆவணம். எடையையும் அளவையும் துண்டுச் சீட்டிலோ உள்ளங்கையிலோ எழுதாமல் நேராக நோட்டில், மையால், தேதியோடு எழுதுங்கள். தவறினால் வெள்ளை மை பூசாமல் ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் இடுங்கள். பரிசோதனைக் கூடங்களின் திறனுக்கான ஐ.எஸ்.ஓ. 17025 தரநிர்ணயப்படி அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்களில் தணிக்கைக்கு வருபவர்கள் முதலில் புரட்டுவது இந்த மூலப் பதிவுகளைத்தான். தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் நோட்டில் நடந்ததைத் தமிழிலேயே எழுதிப் பழகினாலும் குற்றமில்லை. தெளிவு வந்துவிட்டால் மொழி மாற்றிக்கொள்ளலாம்.

பாதுகாப்பைப் பற்றிப் பாடநூலில் போதுமான அளவு இருக்கிறது. பிப்பெட்டை வாயால் உறிஞ்சுவதை இன்றே நிறுத்துங்கள்; ரப்பர் பல்பு அரிய பொருளல்ல. கையுறையோடு செல்பேசியைத் தொட்டுவிட்டு, பிறகு அதே செல்பேசியை வெறுங்கையால் எடுத்துக் காதில் வைப்பவர்களை நான் அன்றாடம் பார்க்கிறேன்.

நேர்முகத்தில் அடிக்கடி கேட்கப்படும் ஒரு கேள்வி: அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலிருந்து ஒரு லிட்டர் 0.1 நார்மல் (செறிவின் அலகு) கரைசல் எப்படித் தயாரிப்பீர்கள்? அடர் அமிலம் ஏறத்தாழ 12 நார்மல் என்பதால் 8.3 மி.லி. என்று பலரும் உடனே சொல்லிவிடுவார்கள். அமிலத்தைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும் என்பதையும் சிலர் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் புட்டியைத் திறந்து மூட மூட அமிலத்தின் செறிவு குறையும் என்பதால் இந்த 8.3 ஒரு தோராயம்தான். உலர்த்திய சோடியம் கார்பனேட்டைக் கொண்டு தரம் பார்த்து, உண்மையான நார்மாலிட்டியைக் கண்டு, புட்டியின் மேல் தேதியோடு எழுதி ஒட்டுவேன் என்று சொல்பவரையே நாங்கள் தேடுகிறோம்.

விடுமுறையில் தொழிற்சாலைப் பயிற்சிக்கு முயல்வது நல்லது. தாழையூத்து சிமெண்ட் ஆலை, சாகுபுரம் காஸ்டிக் சோடா ஆலை, தூத்துக்குடி உர ஆலை எல்லாம் நெல்லையிலிருந்து பேருந்தில் போய்வரும் தூரத்தில்தான் இருக்கின்றன. துறைத் தலைவரின் கடிதத்தோடு, தேர்வுக்குப் பல வாரங்கள் முன்னதாகவே விண்ணப்பியுங்கள். உள்ளே போனால் பெரிய கருவிகளை வேடிக்கை பார்ப்பதோடு நின்றுவிடாமல், ஒரே மாதிரியை இரண்டு ஷிப்டில் இருவர் சோதித்து வேறு வேறு அளவு வந்தால் இங்கே என்ன செய்வீர்கள் என்று அங்குள்ள கெமிஸ்டிடம் கேளுங்கள். அவர் காட்டும், விடை முன்பே தெரிந்த சரிபார்ப்பு மாதிரியையும், அளவுகள் வரம்புக்குள் நிற்கின்றனவா என்று காட்டும் கட்டுப்பாட்டு வரைபடத்தையும், கருவிகளின் அளவீட்டுச் சான்றுகளையும் ஒவ்வொன்றாக உங்கள் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.